கிள்ளான் பஸ்ஸின் ஏழாவது ஆள்

காலி பஸ்ஸில் யாரும் ஏற மாட்டார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. மலாய் நாட்டில் நான் இருந்த பிரிக்பீல்ட்ஸில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கிள்ளான் ரோட்டில் ஓடிய பஸ்களுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஏழு பேர் உட்காரும் குட்டி வண்டி, கொசு பஸ் என்று பெயர். ஏழு பேர் சேர்ந்தால் புறப்படும். சேராவிட்டால் நிற்கும். எட்டாவது ஆளை ஏற்றினால் வழியில் போலீஸ்காரன் பிடித்துக்கொள்வான். ஆகவே முதல் ஆளாக ஏறுகிறவன் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு, வரப்போகிற ஆறு பேருக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். யாருக்குத் தலையெழுத்து? எல்லோரும் மரநிழலில் தள்ளி நின்றுகொண்டு, வேறு எவனாவது முதலில் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி முதலில் ஏறுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அதுதான் அவருக்கு வேலை.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் என் வெற்றிலைக் கடை. கடை என்ன கடை, ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு பலகை. அங்கே இருந்துதான் அவரைத் தினமும் பார்த்தேன். பெயர் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. 'குந்துற அண்ணே' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். வெளுத்த வேட்டி, கழுத்துப் பட்டை இல்லாத சட்டை, கறுப்புக் குடை, மடியில் ஒரு துணி மூட்டை. பார்த்தால் இதோ அடுத்த நிமிஷம் பிரயாணம் போகிறவர் மாதிரியே இருப்பார். மூட்டைக்குள் பழைய சாக்குத் துணிதான் இருந்தது. ஒரு மழைநாளில் என் பலகையின்மேல் வைத்து அவிழ்த்துக் காய வைத்தபோது பார்த்தேன்.

அவர் ஏறி, ரோட்டைப் பார்த்த ஓரத்தில் உட்கார்ந்து, குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்துவார். அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்னா சூசை, எடுக்கலாமா?" என்பார். டிரைவர் சூசையும், "இந்தா எடுத்துட்டேண்ணே!" என்று பதில் குரல் கொடுப்பார். எங்கே எடுத்தார்! பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பார். ஆனால் அந்தச் சத்தம் போதும். நிழலில் நிற்கிறவர்களில் ஒருவருக்குக் கால் பரபரக்கும். அவர் ஏறினால் இன்னொருவர். மூன்று தலை தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு இடம் போய்விடுமோ என்று பயம் வந்துவிடும். ஓடி வருவார்கள்.

"ரொம்பிக்கிட்டு வர்ற வண்டியப் பாத்தா, நடந்து போறவனுக்கும் கால் வலிக்கும்டா தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னதுண்டு. இன்னொன்றும் சொல்வார்: "காலி வண்டிக்கு வாய் இல்ல. அதுக்குப் பதிலா நான் பேசுறேன்."

கடைசியில் இடம் பிடிக்கும் ஆள் பின்பக்கப் படியில் கால் வைத்ததும், சூசை ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். இறங்கு என்று அர்த்தம். ஹாரன் எல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குத்தான். படிப்பலகையில் கால் விழுகிற சத்தமே அண்ணனுக்குப் போதும். மூட்டையையும் குடையையும் ஒரே கையில் வாரிக்கொண்டு எழுந்துவிடுவார். "ஆள் வந்தாச்சு" என்பார். வந்தவர் உட்காருவார், இவர் இறங்குவார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவே மாட்டார். அடுத்த காலி வண்டி எங்கே நிற்கிறது என்று திரும்பிவிடுவார். எந்த பஸ்ஸானாலும் அவர்தான் முதல் ஆள். எல்லா டிரைவர்களும் சேர்ந்து அவருக்கு மத்தியானச் சோறும், சாயங்காலம் கையில் கொஞ்சமும் கொடுத்துவந்தார்கள்.

வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவரிடம் பக்கத்து ஆள் பேச்சுக் கொடுக்காமல் இருப்பாரா?

"அண்ணே எது வரைக்கும்?"

"கிள்ளானுக்குத்தான். அங்குட்டு எஸ்டேட்ல மகளக் குடுத்திருக்கேன். பாக்கப் போறேன்."

"நல்லா இருக்காங்களா?"

"இருக்கு. மாசமா இருக்குன்னு சொல்லிவிட்டாங்க. அதான், வெறுங்கையோட போகக்கூடாதுன்னு..." என்று மூட்டையைத் தட்டுவார். சாக்குத் துணியை.

இதைத் தினமும் சொல்வார். ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார். பஸ் நிற்குமிடத்தில் அப்பம் விற்ற அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. அடுப்புக்குப் பின்னாலிருந்தே சத்தம் கொடுப்பாள்: "என்னா அண்ணே, மகளுக்கு இன்னுமா புள்ள பொறக்கல? யானைக்குக்கூட இந்நேரம் பொறந்திருக்கும் லா!"

அவர் சிரிக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார். "பொறக்கும், பொறக்கும்" என்பார். ஏறினவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யாரும் இறங்கிப் போனதில்லை. அதுவும் வியாபாரத்துக்கு நல்லதுதான்.

நானும் ரொம்ப நாள் அந்த மகள் சும்மா கதைக்குச் சொல்கிற மகள் என்றே நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பெண்ணே வந்து நின்றது. கிள்ளான் பஸ்ஸிலிருந்து இறங்கி, "எங்கப்பா எங்கண்ணே?" என்று என்னிடம் கேட்டது. காலியாக நின்ற வண்டியைக் காட்டினேன். அது போய்ப் படியருகில் நின்றது. அவர் உள்ளே, அது வெளியே. ஏழு பேர் சேரும்வரை அப்படியே பேசினார்கள். அவர் இறங்கி வந்ததும் என் பலகையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். புறப்படும்போது அது, "ஒரு தடவ வாங்கப்பா. ஒரே ஒரு தடவ" என்றது. "நான் வந்துட்டா இங்க யாரும்மா குந்துறது?" என்றார். பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையான கஷ்டமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் கிள்ளான் ரோட்டுக்குத் தார் ஊற்றியவர்களில் அவரும் ஒருவர். ரோட்டு வேலைக் கூட்டத்தில் இருந்தார். கொதிக்கிற தார் டின் சரிந்து இடது பாதம் வெந்துபோனது. விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதற்கப்புறம் நடை குறைந்தது, குந்துகிற வேலை வந்தது. அந்த ரோட்டில் அவர் பஸ்ஸில் போனதே இல்லை. தார் ஊற்றிக்கொண்டு போனதோடு சரி.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டுகளில் பால்மரங்களைச் சும்மா விட்டுவிட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் லோரியில் மூட்டை முடிச்சோடு துறைமுகத்துக்குப் போனார்கள். பஸ்ஸுக்கு ஆள் குறைந்தது. காலையில் நிறைந்துவிடுகிற வண்டி மத்தியானம்வரை நின்றது. அண்ணனுக்கு உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகமாயிற்று. எனக்கும் வெற்றிலை வாடிற்று. வாடியதைக் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை விற்றேன். அந்த வருஷங்கள் அப்படித்தான் போயின.

ஒரு திங்கட்கிழமை கிள்ளானிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு கங்காணி இறங்கினார். அண்ணனைத் தேடிப் பிடித்துச் சொன்னார். மகள், மருமகன், கைக்குழந்தை மூன்று பேரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள். கிள்ளான் துறைமுகக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாயிற்று. வெளியே விட மாட்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் கப்பல்.

"கைக்குழந்தையா?" என்றார் அண்ணன்.

"ஆமா. பொம்பளப் புள்ள. ஒங்களுக்குச் சொல்லியனுப்பலயா?"

"இல்ல."

"ஒங்களக் கேட்டுச்சு. ஒரு தடவ மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னுச்சு. போயிட்டா இனிமே எங்க?"

"ஆங்" என்றார் அண்ணன். பிறகு போய் வண்டியில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் சூசையிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"சூசை, புதன்கிழம நான் கிள்ளான் போறேன்."

"போற மாதிரியா அண்ணே, நெசமாவா?"

"நெசமா."

சூசை பீடியைக் கீழே போட்டார். "மொத வண்டில வாங்க. ஒங்ககிட்ட எவன் காசு கேக்கப்போறான்?" என்றார்.

புதன்கிழமை அவர் குளித்து, விபூதி பூசி, சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். மூட்டையில் அன்றைக்குச் சாக்குத் துணி இல்லை. அப்பக்கார அக்கா சுட்டுக் கொடுத்த முறுக்கு, ஒரு சின்னச் சட்டை, தகரத்தில் செய்த ஒரு கிலுகிலுப்பை. பஸ்ஸில் ஏறும்போதே அது சலசலவென்றது. அக்கா, "ஆமா, இன்னிக்கித்தான் புள்ள பொறந்திருக்கு" என்றாள். அவளும் சிரிக்கவில்லை.

வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்தார். யாரோ கேட்டார்கள், எது வரைக்கும் என்று. கிள்ளானுக்கு, மகளைப் பார்க்க என்றார். அதே குரல். கேட்டவருக்கு வித்தியாசம் என்ன தெரியப்போகிறது? ஒவ்வொருவராக ஆறு பேர் வந்தார்கள். அவரோடு ஏழு. சூசை உள்ளே தலையை நீட்டி எண்ணினார். அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் போய், குனிந்து சுற்ற ஆரம்பித்தார். எஞ்சின் இருமிற்று.

அந்த நேரத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து, பின்பக்கப் படியில் காலை வைத்தாள்.

நான் ஒருவருக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. சூசை முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, திரும்பி ஒரு தடவை தலைகளை எண்ணியிருக்கிறார். ஏழு. ஏழு இருந்தால் எடுக்க வேண்டியதுதானே? எடுத்துவிட்டார். வண்டி போன பிறகு எனக்குப் பக்கத்தில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அவர் எப்போதும் நிற்கிற இடத்தில், எப்போதும்போல, ஒரே கையில் மூட்டையும் குடையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே! நீங்க போகல?"

"ஆள் வந்துருச்சில்ல" என்றார்.

அப்பக்கார அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அட மனுசா! இன்னிக்கி நீங்கதான்யா ஆளு!"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் வரவில்லை. நானும் உற்றுப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. காலை ரயில் போயிருந்தது. அடுத்த ரயில் கிள்ளான் போய்ச் சேரும்போது கப்பல் கடலில் இருக்கும். மிச்சம் இருந்தது அடுத்த பஸ். அது காலியாக நின்றது. அதன் டிரைவர் பாக் மாட், வயதான மலாய்க்காரர். அக்கா அவரிடம் போய்க் கையைக் காலைப் பிடித்துக் கேட்டாள். அவரும் பாவம்தான். வண்டி தவுக்கேயுடையது, முதலாளியுடையது. காலியாக ஓட்டினால் வேலை போய்விடும். "பெலும் பெனோ லா" என்றார், இன்னும் நிறையவில்லையே என்று. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ரொப்பிருவோம்" என்றாள் அக்கா.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் குந்தினோம். அண்ணனை உள்ளே தள்ளி ஓரத்தில் உட்கார வைத்தோம். நான் பெட்டியை மூடிவிட்டு ஏறினேன். அக்கா மாவுக் கையோடு ஏறினாள். மரத்தடியில் முடி வெட்டுகிறவர், பாதி சவரம் ஆன ஓர் ஆளையும் சோப்பு நுரையோடு கூட்டிக்கொண்டு ஏறினார். ரிக்‌ஷாக்காரர் இரண்டு பேர். வண்டி நிறைந்து வழிந்தது. "எடுக்கலாமா பாக் மாட்?" என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம்.

நிழலில் நின்ற இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். வண்டியில் இடமில்லை என்று திரும்பி நடந்தார்கள்.

"எல்லாரும் குந்துனா எவன் ஏறுவான்?" என்றார் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே. "மூணு பேர் போதும். மிச்சப் பேர் எறங்குங்க. நொரையோட இருக்கிற ஆள மொதல்ல எறக்குங்க. ரொம்பியும் ரொம்பாமலும் இருக்கணும்." யாரோ ஒருவருடைய வேலைக்கு யோசனை சொல்கிற மாதிரி சொன்னார். நாங்கள் இறங்கினோம். நானும் அக்காவும் மட்டும் அவரோடு உட்கார்ந்தோம்.

வெயில் ஏறியது. ஆள் வருவதாக இல்லை. அக்காவின் அடுப்பு அணைந்து புகைந்தது. ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சீனக் கிழவி கோழியோடு வந்தாள். பிறகு இரண்டு பேர். வாய் வலிக்க, "எடுக்கலாமா" என்று கத்தியது நான்தான். அண்ணன் கத்தவில்லை. எனக்கு நின்று நின்று வராத கால்வலி அன்று உட்கார்ந்து வந்தது. இந்த மனுஷர் இதைத் தினமும் எப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது ஆள் வந்ததும் அக்கா இறங்கினாள். உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. ஆறாவது ஆள், ஒரு மலாய்ப் பையன், படியில் கால் வைத்தான். நான் எழுந்தேன்.

அண்ணனும் எழுந்தார். மூட்டையும் குடையும் ஒரே கையில். "ஆள் வந்..."

"குந்துங்க!" கீழே நின்ற அக்கா கையை உள்ளே விட்டு அவர் தோளை அழுத்தினாள். பாக் மாட் எஞ்சினைக் கிளப்பி உட்காரும்வரை அழுத்திய கையை எடுக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு ஓடி, பிறகுதான் விட்டாள். அவர் தோளில் மாவு ஒட்டியிருந்தது.

சாயங்காலம் சூசை திரும்பி வந்தபோது நாங்கள் சொன்னோம். அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. "ஏழு தல இருந்துச்சுப்பா. எண்ணிட்டுத்தான் எடுத்தேன். ஏழு இருந்துச்சு" என்றார்.

மறுநாள் காலை நான் பெட்டியைத் திறக்கும்போது அண்ணன் முதல் வண்டியில் உட்கார்ந்திருந்தார். தோள் மாவைத் தட்டியிருந்தார். அதே மூட்டை. அக்காதான் ஓர் அப்பத்தை இலையில் வைத்து, படியருகே நின்று நீட்டினாள்.

"பாத்தீங்களா அண்ணே?"

"கப்பல் நின்னுச்சு" என்றார். அப்பத்தை வாங்கிக்கொண்டார். "ஏணிய எடுத்துட்டாங்க. மேல நெறைய தல. எது நம்ம தலைன்னு தெரியல."

"கூப்பிட்டுப் பாக்கலயா?"

"எல்லாருந்தான் கூப்பிட்டாங்க. நான் கையத் தூக்கினேன். மேல எல்லாரும் கையத் தூக்கினாங்க." அப்பத்தைப் பிய்த்தார். "அதுல ஒண்ணு அதோட கையாத்தான் இருக்கும்."

அக்கா அடுப்புக்குத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் மகளைப் பற்றி அவள் கேலி பேசவில்லை.

அவர் தொடர்ந்து குந்தினார். பக்கத்து ஆள் எது வரைக்கும் என்று கேட்டால், கிள்ளானுக்கு, மகளைப் பார்க்க என்றே சொன்னார். வேறு பதில் அவரிடம் இல்லை. மூட்டையில் மறுபடி சாக்குத் துணி வந்துவிட்டது. முறுக்கை யாருக்கோ கொடுத்திருப்பார். கிலுகிலுப்பையை மட்டும் எடுக்கவில்லை. அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அது உள்ளே சலசலத்தது. கொஞ்ச நாளில் எங்கள் காதுக்கு அதுவும் பழகிவிட்டது. பஸ் புறப்படப் போகிறது என்பதற்கு அந்தச் சத்தம் ஓர் அடையாளமாகிவிட்டது.

சூசை ஹாரன் அமுக்குவதை விட்டுவிட்டார். ஒரு தடவை கேட்டார்: "ஒருநாள் சும்மா வாங்கண்ணே. ரோட்டப் பாத்துட்டு வரலாம். ஒங்க ரோடுதான?"

"ரோட்ட நான் பாத்திருக்கேன்" என்றார்.

ஹாரன் இல்லாவிட்டால் என்ன? படியில் கால் விழும். அவர் எழுந்து, ஆள் வந்தாச்சு என்று இறங்குவார். ஆனால் முன்னைப்போல அடுத்த வண்டிக்கு உடனே திரும்புவதில்லை. புழுதிக்குள் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து வலது கையைத் தூக்குவார். ஆட்ட மாட்டார். தோளுயரத்துக்குத் தூக்கி அப்படியே வைத்திருப்பார். வண்டி வளைவில் மறையும்வரை. நான் அந்தக் கடையை விட்டுப் போன வருஷம்வரை, ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான் செய்தார்.

பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அவர்கள் அவசரம் அவர்களுக்கு. இருந்தாலும் சில நாள் ஜன்னலிலிருந்து யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, தன்னை வழியனுப்பவும் ஓர் ஆள் நிற்கிறாரே என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தூக்குவார். அன்றைக்கு அண்ணன் கையை இறக்கக் கொஞ்சம் நேரமாகும்.